எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி, கங்கையில் ஒரு அருவி முன் நின்றது ஏன்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் குழுக்களில் நேபாள ராஃப்டிங், ரிஷிகேஷ் கயாக்கிங் பேச்சு இப்போது சகஜம். லீவு, விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சீக்கிரமே முடிவாகிவிடும். ஆனா, அந்த மாதத்தில் ஆறு எப்படி ஓடும் என்ற கேள்விதான் கடைசியில் வரும்.

1977-ல் நியூசிலாந்திலிருந்து கங்கைக்கு வந்த ஒருவர் முதலில் யோசித்ததே அதைத்தான். அவர் எட்மண்ட் ஹிலாரி. எவரெஸ்ட்டுக்காக உலகமே அறிந்த மனிதர். ஆனா அவருடைய ஆற்றுப் பயணம் பலருக்குத் தெரியாது.

யார் இந்த ஹிலாரி?

1919-ல் ஆக்லாந்தில் பிறந்தவர். குடும்பத் தொழில் தேனீ வளர்ப்பு. 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். 1958 ஜனவரியில் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டே தென்துருவம் போய்ச் சேர்ந்தார். தன்னோடு மலையேறிய ஷெர்பா மக்களுக்காக நேபாளத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டுவதே பிறகு அவரது முக்கிய வேலையானது.

அந்த வேலையின் நடுவில்தான் பேரிடி விழுந்தது. 1975 மார்ச் 31 அன்று, அவர் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த ஃபாப்லு கிராமத்துக்குக் கிளம்பிய சிறு விமானம் காத்மாண்டுவில் நொறுங்கியது. மனைவி லூயிஸும் 16 வயது மகள் பெலிண்டாவும் இறந்தார்கள். ஹிலாரி உடைந்துபோனார். பல மாதங்கள் எதிலும் மனம் ஒட்டவில்லை. அதிலிருந்து அவர் மெல்ல எழுந்து வந்தபோது கையிலெடுத்த பெரிய திட்டம்தான் கங்கைப் பயணம்.

திட்டம் என்ன?

ராஃப்டிங்கில் ஆற்றின் போக்கிலேயே கீழே இறங்குவோம். ஹிலாரி நினைத்தது அதற்கு நேர் எதிர். வங்கக் கடலில் கங்கை கலக்கும் கங்காசாகரில் ஆரம்பித்து, சுமார் 2,400 கி.மீ. நீரோட்டத்தை எதிர்த்து இமயமலை வரை ஏறுவது. படகு போகாத இடத்தில் இறங்கி நடப்பது. பிறகு ஒரு சிகரம் ஏறுவது. ‘கடலிலிருந்து வானத்துக்கு’ என்றே பயணத்துக்குப் பெயர்.

எப்படித் தயாரானார்கள்?

முதலில் படகு. சாதாரண மோட்டார் படகின் விசிறி பாறையில் பட்டால் உடைந்துவிடும். நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் என்பவர் உருவாக்கிய ஜெட் படகில் வெளியே விசிறியே கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் வேகமாகப் பீய்ச்சும். அந்த உந்துதலில் படகு முன்னே பாயும். சில அங்குல ஆழம் இருந்தாலே ஓடும். இதே வகைப் படகில் 1968-ல் நேபாளத்தின் சன் கோசி ஆற்றில் போன அனுபவம் ஹிலாரிக்கு இருந்தது.

அடுத்தது காலம். கோடையில் சமவெளிக் கங்கையில் மணல்திட்டுகள் தலைகாட்டும். மழைக்காலத்தின் உச்சத்தில் மலைப்பகுதி வெள்ளம் ஆளையே அடித்துப் போகும். அதனால் ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி, மலையடிவாரத்தை எட்டும்போது மழை ஓயும்படி கணக்குப் போட்டார்கள்.

மூன்றாவது, ஆட்கள். படகு ஓட்ட ஹாமில்டனின் மகன் ஜான். ஊரும் மரபும் புரிய, வாரணாசியில் படித்த ஜிம் வில்சன். இந்தியத் தரப்பில், 1965-ல் இந்தியாவின் எவரெஸ்ட் பயணத்துக்குத் தலைமை தாங்கிய எம்.எஸ்.கோலி. அம்மாவையும் தங்கையையும் இழந்த மகன் பீட்டரும் உடன் வந்தார். அந்நிய நாட்டு ஆறு என்பதால், அதை அறிந்தவர்கள் கூடவே இருக்க வேண்டும் என்பதில் ஹிலாரி தெளிவாக இருந்தார்.

ஆற்றில் என்ன நடந்தது?

‘கங்கா’, ‘ஏர் இந்தியா’, ‘கிவி’ என மூன்று படகுகள். போகிற வழியெல்லாம் கரையில் கூட்டம் அலைமோதியது. அவர்களைப் பொறுத்தவரை இது வெறும் சாகசம் இல்லை, புனித யாத்திரை. வாரணாசியில் படகுகளுக்குப் பூஜை நடந்தது.

ரிஷிகேஷ் தாண்டியதும் நிஜமான சோதனை தொடங்கியது. பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் வெள்ளத்தில் எதிர்த்து ஏறி, தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை எனக் கடந்தார்கள். செப்டம்பர் கடைசியில், நந்தபிரயாகை அருகே ஒரு அருவி குறுக்கே நின்றது. அதில் எந்தப் படகும் ஏற முடியாது. பிடிவாதம் பிடிக்காமல், ஆற்றுப் பயணம் அங்கேயே முடிந்தது என்று ஏற்றுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள்.

உயிருக்கே ஆபத்து

ஆற்றின் எல்லையை ஏற்ற ஹிலாரிக்குத் தன் உடம்பின் எல்லை பிடிபடவில்லை. 1961-லேயே மகாலு மலையில் மூளை பாதிக்கப்பட்டுத் திரும்பியவர். இப்போது வயது 58. பத்ரிநாத் பகுதியில் சுமார் 18,000 அடி உயர முகாமில் அவருக்கு மூளையில் நீர்கோத்து நினைவு தடுமாறியது. நண்பர்கள் ஏறுவதை நிறுத்திவிட்டு, முதலில் அவரைக் கீழே இறக்கினார்கள். பிறகு ஹெலிகாப்டர் வந்து மீட்டது. அதற்கப்புறம்தான் குழுவில் சிலர் மீண்டும் போய் ஆகாஷ் பர்வதத்தில் ஏறினார்கள். சிகரம் காத்திருக்கும், உயிர் காத்திருக்காது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

பிறகு?

1985-ல் இந்தியாவுக்கான நியூசிலாந்து தூதராக டெல்லிக்கே வந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். நேபாளத்தில் பள்ளி, மருத்துவமனைப் பணிகள் கடைசிவரை தொடர்ந்தன. 2008 ஜனவரி 11 அன்று 88 வயதில் காலமானார்.

இன்று ரிஷிகேஷில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ராஃப்டிங் நிறுத்தப்படுகிறது. அந்த மாதங்களில் தேதி போட்டுவிட்டு ஆற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹிலாரி செய்ததுபோல, ஆற்றின் காலத்தைப் பார்த்துத் தேதியை முடிவு செய்வதே புத்திசாலித்தனம். உள்ளூர் வழிகாட்டி இன்று வேண்டாம் என்றால், கட்டின பணம் போனாலும் கரையிலேயே நிற்பதும் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதிதான்.