தளவானூர்க் குன்றில் ஒரு மன்னன்

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில், பஞ்சபாண்டவர் மலை என மக்கள் வழங்கும் பாறையைக் குடைந்து எழுந்தது சத்துருமல்லேசுவரம். சத்துருமல்லன் என்னும் தன் விருதுப்பெயரை அச்சிவன் கோயிலுக்குச் சூட்டியவன் முதலாம் மகேந்திரவர்மன்.

சிம்மவிஷ்ணுவின் மைந்தனாகிய இப்பல்லவன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்டான். சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியின் படையெடுப்பால் அல்லலுற்றான். ஆயினும் கலைப்பணியைக் கைவிட்டானல்லன். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி அயன், அரி, அரன் மூவர்க்கும் ஒரே குடைவரை எடுத்தான். மத்தவிலாசம் என்னும் வடமொழி நகை நாடகத்தில் காபாலிகனையும் பாசுபதனையும் பௌத்தத் துறவியையும் ஒரே மேடையேற்றினான்.

திருநாவுக்கரசரால் சமணம் நீங்கிச் சைவம் சார்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் பல்லவன் இவனே என்பது அறிஞர் பலர் கொள்கை. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது அந்நூல். குணபரன் என்பது மகேந்திரனின் விருதுப்பெயர்களுள் ஒன்று.

அரசன் திரும்பின் நாடும் திரும்புமோ? இவ்வினாவைப் புள்ளியியல் இயற்பியலும் வேறு வடிவில் எழுப்புகிறது. 1925இல் எர்னஸ்ட் ஈசிங் வெளியிட்ட மாதிரியில், ஒவ்வொரு நுண்காந்தமும் மேலோ கீழோ நோக்கும். அண்டைக் காந்தத்தோடு ஒத்துநிற்க முயலும். வெப்பம் அவ்வொழுங்கைக் கலைக்கும். புறக்காந்தப்புலம் ஒரு திசைக்கு இழுக்கும். 1980களில் பிரெஞ்சு இயற்பியலர் செர்ஜ் காலாம் முதலியோர் இத்தகைய மாதிரிகளை மக்கள் கருத்துக்குப் பொருத்தினர். 2000இல் டெஃபுவானும் துணைவரும், கருத்து வேறுபாடு ஓர் எல்லையைக் கடந்தால் உரையாடலே நிகழாது எனக் கொண்டு கணித்தனர். அவ்வெல்லை குறுகினால் சமுதாயம் தனித்தனி அணிகளாய் உறைவதைக் கண்டனர்.

இக்கண்கொண்டு நோக்கின், அரசாணை புறப்புலம். உறவும் அண்டையும் உட்பிணைப்பு. தருமசேனராய்ச் சமணத்தில் தலைமை பெற்றிருந்த நாவுக்கரசரைத் திருப்பியது அரசாணையன்று. சூலைநோயும் தமக்கை திலகவதியாரின் அன்புமே. புலம் திசைமாறிய பின்னும், பிணைப்பு வலுத்த இடங்களில் பழைய திசை திட்டுத்திட்டாய் நிலைக்கும். செஞ்சி நாட்டிலும் அதுவே நிகழ்ந்தது எனலாம். திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. சந்திரநந்தி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் விளங்க, சுற்றூர்களில் தமிழ்ச் சமணர் வாழ்கின்றனர்.

மனிதன் காந்தத்துகள் அல்லன். ஏழாம் நூற்றாண்டுக் குடிகளின் மனத்தை எண்ணிப் பார்க்கக் கணக்கேடும் இல்லை. ஆதலின் மாதிரி வரலாறாகாது. எனினும், ஆணையிடுவோரை மட்டுமே எண்ணும் நம் பழக்கத்தை அது திருத்துகிறது. கட்சியாலும் சாதியாலும் சமயத்தாலும் ஊர்கள் பிளவுறும் இந்நாளில், மாற்றுக் கருத்தினரோடு பேச்சறாது வாழ்தலே முதற்கடன். பள்ளியை இடித்தவனாகச் சொல்லப்படும் அதே மன்னன், மூவர்க்கும் ஒரு கூரை அமைத்தவனும் ஆவான். அவ்விருவரையும் ஒருங்கே நினைவில் இருத்தித் தளவானூர்க் குன்றேறுதல் தகும்.