மேடைப் பாடகி சட்டசபைக்குப் போன கதை: யார் இந்த மதுரை ஜானகி அம்மாள்?

தேர்தல் வந்தால் வேட்பாளர் டீ ஆற்றுவதும், வயலில் இறங்கி நாற்று நடுவதும் நமக்குப் பழகிப்போன காட்சி. ஓட்டு எண்ணி முடிச்சதும் ஆளைக் காணோமேன்னு ஜனங்க புலம்புறதும் பழகிப்போனதுதான். ஓட்டுக் கேட்பதற்கு முப்பது வருஷம் முன்பே மக்களோடு நின்ற ஒருவர் மதுரையில் இருந்தார். அவர்தான் கே.பி.ஜானகி அம்மாள்.

நாடகத்திலிருந்து அரசியலுக்கு

1917-ல் மதுரையில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ஆனால் குரல் இருந்தது. நாடகக் கம்பெனியில் சேர்ந்து கதாநாயகி ஆனார்.

தேசபக்திப் பாடல்களால் புகழ்பெற்ற நடிகர் விஸ்வநாததாஸ், முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். அதைக் காரணம் காட்டி அவரோடு ஜோடி சேர நடிகைகள் மறுத்தபோது, ஜானகி நடித்தார். அவருடைய முதல் அரசியல் முடிவு என்றே இதைச் சொல்லலாம்.

எப்படி மக்களிடம் சேர்ந்தார்?

1930-களில் காங்கிரஸ், பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. கூட்டத்தில் முதலில் பாட்டு, அப்புறம்தான் பேச்சு. ஷிப்ட் முடிந்து களைத்து வரும் மில் தொழிலாளியை நிற்க வைத்தது அந்தக் குரல். நகரத்தோடு அவர் நிற்கவில்லை. பக்கத்துத் துவரிமானில் குத்தகை விவசாயிகளின் நிலப் போராட்டத்திலும் இறங்கினார். இரண்டாம் உலகப்போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறை சென்றார். நாடகத்தில் சம்பாதித்த நகைகளும் பட்டுப்புடவைகளும் கட்சிச் செலவுக்கே போயின.

1967-ல் நடந்தது என்ன?

அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி, இந்தி எதிர்ப்பு என எல்லாம் சேர்ந்து மக்கள் கொதித்துப் போயிருந்த நேரம். திமுக கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மதுரை கிழக்கில் நின்று, சட்டமன்றத்துக்குள் நுழைந்தார் ஜானகி அம்மாள்.

வெறும் மக்கள் தொடர்பு மட்டும் போதுமா?

போதாது. 1967-ல் கூட்டணியும் கைகொடுத்தது. 1971-ல் திமுக கூட்டணி இல்லாமல் நின்ற மார்க்சிஸ்ட் கட்சிக்குத் தமிழகத்தில் ஒரு சீட்கூடக் கிடைக்கவில்லை. கோபத்தில் இருக்கும் வாக்காளர் நல்லவரை மதிப்பார். ஆனால், ஆட்சியை மாற்றும் பலம் யாரிடம் இருக்குன்னும் பார்ப்பார்.

ஜானகி அம்மாள் அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. 1970-களில் பாப்பா உமாநாத்தோடு சேர்ந்து ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டினார். 1992-ல் மறையும் வரை அவருக்குப் பெரிதாகச் சொத்து எதுவும் சேரவில்லை.

பதவி ஒரே ஒரு தவணைதான். அதற்கு முன்பும் பின்பும் அவரைத் தேடிப் போனவர்களுக்கு, அவர் எங்கே இருப்பார் என்பது தெரிந்திருந்தது.