ஜெபர்ஸனும் வர்த்தகத் தடையும்

யுத்தம் செய்ய விரும்பாத தேசம் தன்னை அவமதிக்கும் வல்லரசைப் பணிய வைப்பது எப்படி? வர்த்தகத் தடையே வழி என்பர் பலர். 'எம்பார்கோ' என்னும் ஸ்பானியப் பதத்திற்குப் பிடித்து நிறுத்துதல் என்பது பொருள். துறைமுகத்திலுள்ள கப்பல்களை வெளியே போகவொட்டாமல் அரசாங்கம் நிறுத்தி வைப்பதையே ஆதியில் அது குறித்தது. வியாபாரிக்கு அது விற்க முடியாத சரக்கு, நிறைவேற்ற முடியாத ஒப்பந்தம். ராஜதந்திரிக்கோ இரத்தம் சிந்தாத ஆயுதம். அவ்வாயுதத்தை முழு நம்பிக்கையுடன் கையிலெடுத்துத் தோல்வி கண்டவர் தாமஸ் ஜெபர்ஸன். அவருடைய சரித்திரம் தேச ஊழியர் யாவரும் சிந்திக்கத்தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

1743-ம் வருஷம் வர்ஜீனியாவில் பிறந்த ஜெபர்ஸன், சட்டம் பயின்று, 1769-ல் அம்மாகாணச் சட்டசபையில் அங்கத்தினராக அமர்ந்தார். தேயிலை, காகிதம், கண்ணாடி முதலியவற்றின்மீது பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரி விதித்திருந்த காலம் அது. சபை எதிர்ப்புத் தெரிவிக்கவே, கவர்னர் அதைக் கலைத்துவிட்டார். அங்கத்தினர்களோ அருகிலிருந்த விடுதியொன்றில் கூடி, ஆங்கிலச் சரக்குகள் பலவற்றை வரவழைப்பதில்லை என்று கையொப்பமிட்டனர், ஜெபர்ஸனும் கையொப்பமிட்டார். மற்ற மாகாணங்களிலும் இத்தகைய பகிஷ்காரம் நடந்தது. 1770-ல் தேயிலை வரி நீங்கலாக ஏனைய வரிகள் ரத்தாயின.

1776-ல் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த புகழ் அவரைச் சேர்ந்தது. மனிதர் யாவரும் சமம் என்று எழுதிய அவரே நூற்றுக்கணக்கான அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. 1801-ல் அவர் ஜனாதிபதியானார்.

அப்போது பிரிட்டனும் நெப்போலியனின் பிரான்ஸும் கடும் போரில் ஈடுபட்டிருந்தன. நடுநிலை வகித்த அமெரிக்கக் கப்பல்களை இரு தரப்பாரும் பறிமுதல் செய்தனர். பிரிட்டிஷார் மாலுமிகளையும் பலவந்தமாகப் பிடித்துச் சென்றனர். 1807 ஜூனில் 'லெபர்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 'செஸபீக்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைச் சுட்டு, அதிலிருந்து நால்வரைக் கொண்டுபோயிற்று. தேசம் கொதித்தது. ஜெபர்ஸன் யுத்தத்தை நாடவில்லை. அமெரிக்கப் பொருள்கள் இன்றி ஐரோப்பா வாழாது என்று நம்பி, தம் நாட்டுக் கப்பல்கள் எந்த அந்நிய துறைமுகத்திற்கும் செல்லலாகாது என்ற சட்டத்தில் 1807 டிசம்பர் 22-ல் கையொப்பமிட்டார். நிரந்தரமான தடையைவிட யுத்தமே மேல் என்று பொக்கிஷ மந்திரி காலட்டின் எச்சரித்தும் பயனில்லை.

விளைந்தது என்ன? 1807-ல் சுமார் 10 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த ஏற்றுமதி, 1808-ல் 2 கோடியே 20 லட்சமாக வீழ்ந்தது. பாஸ்டன், ஸேலம் துறைமுகங்களில் கப்பல்கள் முடங்கின, மாலுமிகள் வேலையிழந்தனர், குடியானவரின் கோதுமையும் புகையிலையும் விலைபோகவில்லை. சாம்ப்ளேன் ஏரி வழியே கனடாவுக்குக் கள்ளக் கடத்தல் பெருகிற்று. அதை ஒடுக்கச் சட்டத்தின்மேல் சட்டம் பிறந்தது. அரசாங்க அதிகாரம் குறுகியிருக்க வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் வாதித்தவர், சொந்தப் பிரஜைகள்மீது ராணுவத்தை ஏவ நேர்ந்தது. பிரிட்டனோ தென்னமெரிக்காவில் புதுச் சந்தைகளைத் தேடிக்கொண்டது. 1809 மார்ச் 1-ந் தேதி, பதவியை விட்டிறங்க மூன்று நாள் இருக்கையில், தடையை நீக்கும் சட்டத்தில் ஜெபர்ஸனே கையொப்பமிட்டார். அவர் தவிர்க்க முயன்ற யுத்தம் 1812-ல் வந்தே தீர்ந்தது.

தடையின் நிழலில் அமெரிக்காவில் நூற்பாலைகள் பெருகின என்பது உண்மை. ஆயினும் கேட்ட பலன் கிட்டவில்லை. 1769-ல் ஜனங்கள் தாமே மனமுவந்து, வேண்டாமென்று தள்ளியது அந்நியச் சரக்கை. 1807-ல் சர்க்கார் உத்தரவால் நின்றதோ அவர்களுடைய ஜீவனம். முன்னதில் தியாகம் இருந்தது. பின்னதில் தண்டனையே இருந்தது. ஒரே மனிதர் இரண்டிலும் பங்கு கொண்டார் என்பதே இச்சரித்திரத்தின் விசேஷம்.

பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு தினமான 1826 ஜூலை 4-ல் ஜெபர்ஸன் காலமானார். வர்த்தகத் தடை என்னும் ஆயுதத்தை எடுக்க எண்ணுவோர், அதன் அடி முதலில் யார் முதுகில் விழும், அவர்கள் அதைத் தாங்கச் சம்மதித்தார்களா என்ற இரு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே எடுப்பது விவேகம் என்போம்.