மனத்தின் பொய்யுருக்களைக் கண்டவர்

உளவியலின் வரலாற்றை எழுதுவோர், 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்லெம் உண்ட் நிறுவிய ஆய்வுக்கூடத்தை அதன் தோற்றுவாயாகக் கொள்வர். ஆயினும், மனித மனம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் திறத்தை அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகைப்படுத்தியவர் ஒரு வழக்குரைஞர். அவரே பிரான்சிஸ் பேக்கன்.

இவர் 1561இல் இலண்டனில் பிறந்தார். தந்தையார் எலிசபெத் அரசியின் முத்திரைக் காவலர். பன்னிரண்டாம் அகவையிலேயே கேம்பிரிட்ஜ் சென்று பயின்றார். 1579இல் தந்தையார் மறைய, இளைய மகனாகிய இவருக்குக் கிட்டிய செல்வம் சிறிதே. சட்டம் கற்றார், நாடாளுமன்றம் புகுந்தார். எசெக்ஸ் கோமகன் இவரை ஆதரித்து நிலமும் வழங்கினார். அக்கோமகன் 1601இல் கிளர்ச்சி செய்து பிடிபட்டபோது, அவருக்கு எதிராக வாதிட்டோருள் பேக்கனும் ஒருவர். கோமகனின் தலை வெட்டுண்டது. பேக்கனைப் போற்றுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது முறையன்று.

1618இல் நாட்டின் உயர் நீதிப் பதவியாகிய சான்சலர் பதவி வாய்த்தது. 1620இல் 'நோவம் ஆர்கனம்' என்னும் இலத்தீன் நூல் வெளிவந்தது. மனித இனத்திற்கே பொதுவான மயக்கம், அவரவர் இயல்பாலும் வளர்ப்பாலும் அமைவது, சொற்களால் விளைவது, வழிவழிக் கொள்கைகளால் வருவது என மனத்தின் பொய்யுருக்களை அவர் நால்வகையாகப் பகுத்தார். வேண்டுதல் செய்து கடலில் பிழைத்தோரின் ஓவியங்களைக் கோயிலில் காட்டினால், வேண்டியும் மூழ்கியோரின் ஓவியங்கள் எங்கே என்று வினவவேண்டும் என்பது அந்நூல் எடுத்தாளும் பழங்கதையின் கருத்து. கொண்ட கருத்துக்கு இசைவனவற்றையே தேடி, மாறானவற்றைத் தள்ளும் இவ்வியல்பை 1960இல் பீட்டர் வேசன் ஆய்வின்வழி காட்டினார். 2, 4, 6 என்னும் எண்களைத் தந்து, அவற்றின் விதியைக் கண்டறியச் சொன்னார். ஏறுவரிசை என்பதே விதி. பலரோ இரண்டிரண்டாகக் கூடுதல் போன்ற தம் ஊகத்திற்கு ஒத்த எண்களையே அடுக்கிப் பிழைபட்டனர்.

நூல் வெளிவந்த மறு ஆண்டே வீழ்ச்சி வந்தது. வழக்காடுவோரிடம் பொருள் பெற்றார் என 28 குற்றச்சாட்டுகள் எழுந்தன. பெற்றதை ஒப்புக்கொண்ட பேக்கன், அது தம் தீர்ப்பைத் திரிக்கவில்லை என்றே கருதினார். பொருள் தந்த சிலருக்கு எதிராகவும் தீர்ப்பளித்திருந்தார் என்பது உண்மையே. எனினும், தம் மனத்தைத் தாமே அளக்கும் இந்நம்பிக்கையை அவர் தம் நால்வகையுள் எதில் அடக்குவார் என்று கேட்கத் தோன்றுகிறது. 40,000 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. அதனை மன்னர் பின்னர் விலக்கினார். சில நாள் சிறையிருந்த பேக்கனுக்கு மீண்டும் பதவி வாய்க்கவில்லை.

எஞ்சிய ஐந்தாண்டும் எழுத்திலேயே கழிந்தது. 1625இல் தம் கட்டுரைத் தொகுதியை 58 கட்டுரைகளாக விரித்து வெளியிட்டார். 1626 ஏப்ரல் 9ஆம் நாள், பெருங்கடன் விட்டு மறைந்தார்.