கிதார் சமைத்த லியோ ஃபெண்டர்

இசையரங்கில் எழும் கரகோஷம் வாத்தியம் வாசித்தவரையே சேரும். மரத்தை இழைத்து, தந்தியைப் பூட்டி, அவ்வாத்தியத்தைச் செய்தளித்தவரை நினைப்பார் அரியர். அங்ஙனம் திரைமறைவில் இருந்துகொண்டே உலகத்தாரின் இசையை மாற்றியமைத்த ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

லியோ ஃபெண்டர் 1909-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், ஆனஹைம், ஃபுல்லர்ட்டன் என்னும் ஊர்களுக்கு அருகே ஆரஞ்சுத் தோட்டக்காரர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். எட்டாம் பிராயத்தில் நோயினால் இடக் கண்ணை இழந்து, கண்ணாடிக் கண் பொருத்தப்பெற்றார். மோட்டார் மின்சாரப் பட்டறை வைத்திருந்த உறவினர் ஒருவர், சிறுவருக்குப் பதின்மூன்று வயதானபோது, கழித்துவிட்ட ரேடியோ உறுப்புகளைப் பெட்டியிலிட்டு அனுப்பினார். பிறர்க்குக் குப்பையாய் இருந்த அப்பெட்டியே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

ஃபுல்லர்ட்டன் ஜூனியர் காலேஜில் அவர் பயின்றது கணக்கியல்; மின்சார சாஸ்திரமோ பொழுதுபோக்காகத் தாமே பயின்றது. கணக்கராய் அமர்ந்த உத்தியோகங்கள் பொருளாதார மந்தக் காலத்தில் கைநழுவிப் போயின. மனந்தளராது, 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். பழுதுற்ற ஒலிபெருக்கிகளைச் சங்கீத வித்துவான்கள் அக்கடைக்குக் கொணர்ந்தனர். அவர்களுடைய குறைகளைச் செவிமடுத்ததே அவர் பெற்ற வாத்தியக் கல்வி.

மின்சாரக் கிதாரின் தத்துவம் எளிது. காந்தத்தின்மேல் மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றித் தந்திகளின் கீழே பொருத்துவர். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதனைப் பேரொலியாக்கும். முன்னமே 1930-களில் இத்தகைய கிதார்கள் விற்பனைக்கு வந்திருந்தன. ஆயினும் குடைந்த பெட்டியுடைய கிதார், ஒலிபெருக்கியின் ஓசைக்குத் தானும் அதிர்ந்து ஊளையிடும். பெட்டியை நீக்கித் திண்ணிய பலகையையே உடலாக்கினால் அக்குறை பெரிதும் தணியும். இவ்வெண்ணமும் ஃபெண்டருக்கு முன்னரே சிலருக்குத் தோன்றியதே. அதனைத் தொழிற்சாலையில் எளிதாய்ச் செய்து பலர் கையிலும் சேர்த்ததே அவர்தம் பெருமை.

1946-ல் தம் பெயரால் கம்பெனி நிறுவிய ஃபெண்டர், 1950-ல் அத்தகைய கிதாரை வெளியிட்டார். 1951-ல் அது டெலிகாஸ்டர் என்னும் பெயர் பெற்றது. படகுத் துடுப்பென்று அதனைப் பரிகசித்தவர்களும் உண்டு. பழைய தச்சர்கள் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டிவந்தனர். இவரோ நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கழுத்துப் பழுதானால் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். ரேடியோ பழுதுபார்த்தவரன்றோ! பிரித்துச் செப்பனிடவியலாத பொருளை அவர் மனம் ஒப்பவில்லை.

அவ்வருஷமே பிரசிஷன் பாஸ் என்னும் வாத்தியத்தையும் அளித்தார். ஆளுயர வாத்தியத்தைச் சுமந்து திரிந்த மந்தர சுரக்காரர்களுக்கு அது பெரும் விடுதலையாயிற்று. பலகையின் விளிம்பு விலாவில் உறுத்துகிறதென்று வாசிப்போர் முறையிட்டனர். எனவே 1954-ல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல், வாசிப்போர் மேனிக்கு இசைய வளைத்துச் செதுக்கப்பெற்றது.

இத்தனையும் செய்தவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. சுருதி கூட்டவும் அவர் கற்றாரல்லர்! தாம் அறியாததை அறிந்தவர்களிடம் கேட்க அவர் நாணவில்லை. செய்த கருவியை வாசிப்போர் கையில் கொடுத்து, அவர்கள் கூறிய குறையைக் கேட்டுத் திரும்பவும் பட்டறைக்கே செல்வார்.

நோயுற்றிருந்த காலத்தில், 1965-ல், கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பின்னர் உடல் தேறியும் ஓய்வை விரும்பாது, மியூசிக் மேன், ஜி அண்டு எல் ஆகிய கம்பெனிகளில் மேலும் வாத்தியங்களை வகுத்தார். நடுக்குவாத நோயால் பீடிக்கப்பட்டும் பட்டறையைத் துறந்தாரல்லர். 1991-ம் வருஷம் மார்ச் மாதம் 21-ம் தேதி காலமானார்.

இன்று பல தேசங்களிலும் இளைஞர்கள் கழுத்தொன்றும் உடலொன்றும் தனித்தனியே வாங்கி, காந்தச் சுருளை மாற்றி, ஈயம் பற்றவைத்து, தத்தம் செவிக்கும் கைக்கும் ஏற்ற கிதாரை அமைத்துக்கொள்கின்றனர். அவ்வுரிமையை அவர்களுக்கு நல்கியவை அந்நான்கு திருகாணிகளே எனின் மிகையாகாது. பொழுதுபோக்காய்ப் பயின்றதும் கற்றலேயாம். கேட்டறியும் பணிவுடையார்க்குத் தம் குறை ஒரு தடையன்று. இவ்விரண்டையும் நம் கல்லூரி மாணவர் உளங்கொள்வாராக.