மேடையை ஆண்ட குரல்: கே. பி. சுந்தராம்பாள்

அரங்கக் கலைஞரின் புகழ் நீர்மேல் எழுத்துப் போன்றது. திரை விழுந்ததும் நடிப்பும் மறைந்துவிடுகின்றது. பின்வருவோர்க்கு எஞ்சுவது பார்த்தோர் சொல்லக் கேட்ட செய்தி மாத்திரமே. அவ்வாறு வாய்மொழியாய் வாழும் புகழுக்குரியவர்களுள் முதன்மையானவர் கே. பி. சுந்தராம்பாள். 1953-இல் வெளிவந்த திரைப்படத்தின் ஔவையாராகவே அவரை இன்று பலரும் அறிவர். ஆயினும் அவரை உருவாக்கியது நாடக மேடை. அதில் இலங்கை மேடைக்கும் பெரும் பங்குண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1908-இல் தமிழகத்தின் கொடுமுடியில் வறிய குடும்பமொன்றில் பிறந்த அவர், சிறுமியாயிருக்கையில் புகைவண்டியில் பாடிப் பொருள் தேடியவர். அக்குரலைக் கேட்டு வியந்த ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எப். ஜி. நடேச ஐயர், அவரை வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ப்பித்தார் என்பர். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாகவே அவர் மேடையேறினார். பசியை நடித்துக் காட்ட அச்சிறுமிக்கு ஆசான் எவரும் தேவைப்படவில்லை.

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமம் முதலிய ஊர்களின் கூத்து மரபை அறிந்தோர்க்கு, பெண் வேடத்தையும் ஆண்களே புனைந்து வந்தமை தெரிந்ததே. அத்தகையதொரு காலத்தில் பெண்ணொருத்தி மேடையில் தோன்றிப் பாடுவது சிறு செயலன்று. அதிலும் 'ஸ்பெஷல் நாடகம்' எனப்பட்ட முறை மிகக் கடினமானது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள், ஒத்திகை ஏதுமின்றி ஓரிரவு ஒன்றுகூடி நடிப்பர். பாட்டிலும் தர்க்கத்திலும் ஒருவரையொருவர் மடக்க முனைவர். ஒலிபெருக்கி இல்லாத அம்மேடையில், கடைசி வரிசையில் இருப்பவர் செவிக்கும் சொல் தெளிவாக எட்டவேண்டும். ஆர்மோனியத்தில் பேர்பெற்ற காதர் பாட்சா போன்ற இசைவாணர்களும் கோலோச்சிய அவ்வரங்கம், மதபேதம் பாராது திறமைக்கு இடமளித்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இலங்கைக்கு வந்து நடித்த காலத்திலேயே சுந்தராம்பாளின் புகழ் ஓங்கியது. 1920-களில் கொழும்பு மேடையில் அவர் வள்ளியாகவும், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா வேலனாகவும் தோன்றினர். வேலன் கேட்கும் வினாக்களுக்கெல்லாம் வள்ளி இசையாலேயே விடையிறுக்கும் நாடகம் அது. உச்ச சுருதியில் இணையற்றவரெனக் கருதப்பட்ட கிட்டப்பாவுக்கு முன்னால் தளராது நின்று பாடியமையே அவரது பெருவெற்றி. சொற்சுத்தம், குரலின் கம்பீரம், பாவம் பிசகாத உணர்ச்சி ஆகிய மூன்றும் அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

இருவரும் 1927-இல் மணம் புரிந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். பிரிவும் பிணக்கும் மிகுந்த அவ்வாழ்வின் வேதனையை, சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. 1933 டிசெம்பரில் கிட்டப்பா 27 வயதில் மறைந்தார். அப்போது 25 வயதேயான சுந்தராம்பாள் வெள்ளையுடை தரித்தார்; ஆடவருடன் இணைந்து காதல் வேடம் புனைவதைக் கைவிட்டார்.

1935-இல் நந்தனார் திரைப்படத்தில் ஆண் வேடமேற்று நடித்தமைக்காக அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபா. அக்காலத்தில் அது நம்புதற்கரிய தொகை. ஆயினும் அப்படத்தை எழுத்தாளர் கல்கி கடுமையாக விமர்சித்தார். மேடையில் ஊரை மயக்கிய ஆற்றல், கமெராவின் முன் அவ்வாறே பலிக்கவில்லை. கேட்போரை நேரில் கண்டு, அவர்தம் உணர்வறிந்து பாடுவதிலேயே அவரது கலை தங்கியிருந்தது எனலாம்.

காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாடல்களைப் பாடிய அவர், 1951-இல் சென்னை சட்டமேலவை உறுப்பினரானார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1980-இல் மறைந்தார்.

அவரது குரலைப் புகழ்வோர் பலர். ஆனால் குரலை மட்டும் புகழ்வது பாதிப் புகழ்ச்சியே. நாடகக்காரியின் பாட்டை இரவில் விடிய விடிய ரசித்துவிட்டு, பகலில் அவளுக்கு மதிப்பளிக்கத் தயங்கிய சமூகத்தில், அம்மதிப்பைத் தன் உழைப்பாலும் ஒழுங்காலும் ஈட்டியவர் அவர். அத்தயக்கம் இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. எமது பகுதிகளில் மேடையேற விரும்பும் பெண்பிள்ளைகளுக்கு வீட்டிலும் வெளியிலும் எழும் மறுப்புகளை நாம் அறிவோம். மறைந்த கலைஞருக்குப் புகழ்மாலை சூட்டுதல் எளிது. வாழும் கலைஞருக்கு உரிய மதிப்பை வாழும்போதே வழங்குவதுதான் சுந்தராம்பாளுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும்.