டென்னிசுக்கு 'டை-பிரேக்' தந்த கோடீசுவரர்

டென்னிசில் 'டை-பிரேக்' வந்தாலே ரசிகர்களுக்கு படபடப்புதான். இந்த விதியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க கோடீசுவரர் ஜிம்மி வான் ஆலன்.

1902-ம் ஆண்டு நியூபோர்ட் நகரில் பிறந்த இவர், 1954-ல் அங்கேயே டென்னிஸ் வீரர்களுக்காக 'ஹால் ஆப் பேம்' தொடங்கினார்.

அந்தக் காலத்தில் ஒரு செட்டை ஜெயிக்க 2 கேம் முன்னிலை கட்டாயம். அதனால் மேட்ச் அனுமார் வால் மாதிரி நீண்டுகிட்டே போகும். 1969 விம்பிள்டனில் கொன்சாலஸ்-பசரெல் மேட்ச் 2 நாள் நடந்தது. மொத்தம் 112 கேம்!

இதுக்கு முடிவு கட்ட பல வருடம் போராடினார் வான் ஆலன். கடைசியில் 1970 அமெரிக்க ஓபனில் அவரது விதி அமலானது. 6-6 என்று வந்தால் முதலில் 5 பாயிண்ட் எடுப்பவருக்கு செட். 4-4 என்றால் அடுத்த ஒரே பாயிண்டில் கதை முடிஞ்சுது.

பிறகு இதை 7 பாயிண்டாக மாற்றினார்கள். 2 பாயிண்ட் வித்தியாசமும் வேண்டும் என்றார்கள். மறுபடியும் இழுக்கும் என்று வான் ஆலனுக்கு இது பிடிக்கவே இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க நிலைத்தது அதுதான்.

1991 ஜூலை 3-ந்தேதி தனது 88-வது வயதில் அவர் இறந்தார். 2 நாள் கழித்து விம்பிள்டன் அரைஇறுதியில் நடப்பு சாம்பியன் எட்பர்க், ஸ்டிச்சுடன் மோதினார். எட்பர்க் தனது சர்வீஸ் கேமை ஒரு தடவைகூட பறிகொடுக்கவில்லை. ஆனாலும் 3 டை-பிரேக்கில் தோற்று வெளியேறினார் என்பது குறிப்பிடத்தக்கது.